துணிக்கடையை முதலில் கம்ப்யூட்டரில் கட்டுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ஸ்ப்ரெட்ஷீட் என்றாலே கணக்குப்பிள்ளைகளின் சமாச்சாரம் என்று பலரும் ஒதுக்கி விடுகிறார்கள். பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம், வேர்டில் கடிதம் டைப் செய்கிறோம். ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் மூடி விடுகிறோம். உண்மையில் அது பள்ளிக்கூடத்தில் நாம் பயன்படுத்திய கிராஃப் தாள்தான். கூட்டல், பெருக்கல் தெரிந்த கிராஃப் தாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்த மாதம் அந்தத் தாளில் ஒரு துணிக்கடையை வரைந்து பார்க்கலாம்.

ஏன் துணிக்கடை? நகையை அடகு வைத்தோ, பாங்க்கில் கடன் வாங்கியோ ரெடிமேட் கடை திறக்கிற குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். கடைக்கு அட்வான்ஸ் கொடுத்த மறுநாளே ஆசாரி வந்து விடுவார். சுவரைப் பார்ப்பார், டேப்பை நீட்டுவார், “இங்க ஒரு ரேக், அங்க ஒரு ரேக்” என்பார். முதல் வாடிக்கையாளர் உள்ளே வருவதற்கு முன்பே பெரும் பணம் பிளைவுட்டாக மாறிச் சுவரில் ஏறி விடும். பிறகு அதை ஓரடி நகர்த்தலாம் என்றால் பாதிப் பலகை வீண். மானிட்டரில் அதே ரேக்கை நகர்த்த மவுஸ் போதும். பிடிக்கவில்லையா? கன்ட்ரோல் + இசட்!

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லி விடுகிறேன். கடை பிளான் என்றதும் எல்லோரும் ரேக்கை வரைகிறார்கள். நாம் வரைய வேண்டியது மனிதர்கள் நடக்கிற வழியை. அந்த வழி போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் ரேக்.

உட்கார்ந்து வாங்கிய கடையும் நடந்து வாங்கும் கடையும்

நம் ஊர் பழைய ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர் நடப்பதே இல்லை. பாய் விரித்திருக்கும், அல்லது கவுன்டருக்கு முன்னால் ஸ்டூல் போட்டிருக்கும். கடைக்காரர்தான் பின்னால் உள்ள அலமாரியிலிருந்து புடவைகளை எடுத்து எடுத்துப் போடுவார். நடை முழுவதும் அவருடையது. ரெடிமேட் வந்த பிறகு கதை மாறியது. ஹேங்கரில் தொங்குகிற சுடிதாரை வாடிக்கையாளரே போய்ப் பார்த்து, தொட்டு, எடுத்து வருகிறார். ஆக, அவர் எங்கே போவார், எங்கே நிற்பார், எங்கே திரும்பி விடுவார் என்பதையெல்லாம் கடைக்காரர் யோசிக்க வேண்டி வந்து விட்டது.

மளிகைக் கடையில் இந்த மாற்றத்தைத் துணிந்து செய்தவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்ற அமெரிக்கர். மெம்பிஸ் நகரில் 1916-ஆம் ஆண்டு “பிக்லி விக்லி” என்ற கடையைத் திறந்தார். அதுவரை வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுப்பார், சிப்பந்தி பொருளை எடுத்து வருவார். சாண்டர்ஸ் கடையில் ஒரு பக்கம் நுழைந்தால் எல்லா அலமாரிகளையும் சுற்றி வளைந்து சென்றுதான் பணம் கட்டும் இடத்துக்கு வர முடியும். இந்த அமைப்புக்கு 1917-இல் அவர் பேட்டன்ட்டே வாங்கி விட்டார்! ஸ்வீடனில் பிறந்த இக்கியா நிறுவனத்தின் பிரம்மாண்டமான ஃபர்னிச்சர் கடைகளில் இன்றும் ஏறக்குறைய இதே தந்திரம்தான். 2018-இல் ஹைதராபாத்தில் இக்கியா திறந்தபோது போய் வந்தவர்களுக்கு அந்த நீண்ட பாதை தெரிந்திருக்கும்.

இதை அப்படியே பஜார் தெருக் கடையில் காப்பியடிக்கக் கூடாது. 36 அடி நீளக் கடையில் வாசலில் நின்றாலே கடைசிச் சுவர் தெரிகிறது. அங்கே ஒருவழிப் பாதை போட்டு மறித்தால், உள்பாவாடை மட்டும் வாங்க வந்த பெண்மணி பக்கத்துக் கடைக்குப் போய் விடுவார். சின்னக் கடையில் ஆளை மடக்க முடியாது, அழைக்கத்தான் முடியும்.

முதலில் டேப், பிறகு மவுஸ்

கம்ப்யூட்டரை ஆன் செய்யும் முன் ஒரு நோட்டும் மெஷரிங் டேப்பும் எடுத்துக் கொண்டு கடைக்குப் போங்கள். உள்பக்க நீளம், அகலம், ஷட்டரின் அகலம், அது எந்த மூலையிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது, தூண் இருந்தால் அதன் இடம், ஸ்விட்ச் போர்டு, மீட்டர் பெட்டி, ஏ.சி. மாட்டப் போகும் சுவர், பின்கதவு எல்லாவற்றையும் குறியுங்கள். நீளத்தை இரண்டு சுவர்களிலும் தனித்தனியாக அளப்பது நல்லது. பழைய கட்டடங்களில் இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

நம் எடுத்துக்காட்டுக் கடைக்கு 16 அடி அகலம், 36 அடி நீளம் என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 576 சதுர அடி. முன்னால் 8 அடி ஷட்டர். பின்சுவரில் சந்துப் பக்கம் திறக்கும் ஒரு கதவு.

கட்டம் போடுவோம்

லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பை இன்டர்நெட்டில் இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். அதிலுள்ள கால்க் என்ற புரோகிராமை இங்கே பயன்படுத்துகிறேன். எக்ஸெல்லிலும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் எக்ஸெல் வழக்கமாகக் காலத்தின் அகலத்தை எழுத்துகளின் எண்ணிக்கையாகவும் வரிசையின் உயரத்தைப் பாயின்ட்டாகவும் கேட்கும். சதுரக் கட்டம் வரவழைக்கப் புதியவர்கள் திண்டாடி விடுவார்கள். கால்க்கில் இரண்டுக்குமே சென்டிமீட்டர் கொடுக்கலாம்.

புதிய ஷீட்டைத் திறந்து கன்ட்ரோல் + ஏ அழுத்துங்கள். ஷீட் முழுவதும் தேர்வாகி விடும். ஃபார்மேட் மெனுவில் காலம்ஸ், அதற்குள் விட்த் என்பதைக் க்ளிக் செய்யுங்கள். சிறிய டயலாக் பாக்ஸ் ஒன்று தோன்றும். அதில் 0.3 என்று டைப் செய்து, பக்கத்தில் சென்டிமீட்டரைக் குறிக்கும் சி, எம் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து ஓ.கே. கொடுங்கள். அதேபோல ஃபார்மேட், ரோஸ், ஹைட் என்று போய் அங்கும் 0.3 கொடுங்கள். இப்போது மானிட்டர் முழுவதும் குட்டிக் குட்டிச் சதுரங்கள்!

ஒரு சதுரம் அரை அடி. ஆகவே ஓர் அடிக்கு 0.6 சென்டிமீட்டர். நம் கடைக்கு அகலத்தில் 32 சதுரம், நீளத்தில் 72 சதுரம் வேண்டும். காலங்களின் தலைப்பு எழுத்துகள் இவ்வளவு சிறிய அகலத்தில் சரியாகத் தெரியாது. அதனால் எண்ணிக் கொண்டிருக்க வேண்டாம். இடப்பக்க மேல் மூலையில் உள்ள நேம் பாக்ஸில் ஆங்கிலத்தில் ஏ1:ஏஎஃப்72 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். சரியாக 32-க்கு 72 தேர்வாகும். அதற்குத் தடித்த பார்டர் கொடுத்தால் கடையின் நாலு சுவரும் தயார். முதல் வரிசைப் பக்கம்தான் தெரு. ஷட்டர் வரும் சதுரங்களுக்கும் பின்கதவுக்கும் வேறு நிறம் கொடுத்து விடுங்கள்.

ரேக், டேபிள் எல்லாவற்றையும் செல்லுக்கு நிறம் கொடுத்து வரையாதீர்கள். நகர்த்த வேண்டும் என்றால் அழித்து அழித்து வரைய வேண்டி வரும். இன்ஸர்ட் மெனுவில் ஷேப், பேஸிக் ஷேப்ஸ் என்று போய்ச் செவ்வகத்தை எடுத்து இழுங்கள். வரைந்த செவ்வகத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து பொசிஷன் அண்ட் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் துல்லியமான அளவைக் கொடுக்கலாம். அடியை 0.6-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர் வந்து விடும். மூன்றரை அடிக்கு ஆறடி டேபிள் என்றால் 2.1-க்கு 3.6. டபுள் க்ளிக் செய்தால் உள்ளே “குழந்தைகள்”, “சுடிதார்” என்று பெயரும் எழுதலாம். கட்டத்தின் அளவை முடிவு செய்த பிறகே செவ்வகங்களை வரையுங்கள். பின்னால் கட்டத்தை மாற்றினால் செவ்வகங்களும் சேர்ந்து சுருங்கவோ நீளவோ கூடும்.

வாசலில் ஒன்றும் விற்காது

தெரு வெயிலிலிருந்து உள்ளே வருகிறவருக்குக் கண் பழக வேண்டும், கையிலுள்ள குடையை மடக்க வேண்டும், குழந்தையை இழுத்துப் பிடிக்க வேண்டும், “என்ன வேணும்மா?” என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த முதல் சில அடிகளில் நீங்கள் எதை வைத்தாலும் அவர் பார்ப்பதில்லை. கடைகளில் கேமரா வைத்தும், ஆட்களை நிறுத்தியும் வாடிக்கையாளர்களைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்ட பேக்கோ அண்டர்ஹில் என்ற அமெரிக்கர் 1999-இல் வெளியிட்ட “ஒய் வீ பை” என்ற புத்தகத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே முதல் ஆறடியைத் திறந்து விடுங்கள். பக்கவாட்டில் இரண்டு பொம்மைகள் நிற்கலாம். ஆஃபர் டப்பாவை நடு வாசலில் வைத்து ஆளை இடற வைக்காதீர்கள்.

உள்ளே வந்தவர் எந்தப் பக்கம் திரும்புவார்? அமெரிக்கப் புத்தகங்கள் வலப்பக்கம் என்று சொல்லும். அங்கே சாலையிலேயே வலப்பக்கம்தான் போகிறார்கள். நமக்கு இடப்பக்கம் போகிற பழக்கம். அதனால் புத்தகத்தை நம்பாமல், உங்கள் தெருவிலுள்ள நாலு கடைகளின் வாசலில் அரை மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம், கோவில் எந்தப் பக்கம் என்பதும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம் இது. நம் எடுத்துக்காட்டில் இடப்பக்கம் போய், பின்னால் சுற்றி, வலப்பக்கமாகத் திரும்பி வருகிறார்கள் என்று வைத்துக் கொள்கிறேன்.

அதன்படி என் பிளான் இப்படி வருகிறது. இடப்பக்கச் சுவரில் வாசலிலிருந்து 7 அடி தள்ளி, 2 அடி ஆழத்தில் 21 அடி நீளத்துக்கு ஹேங்கர் ரேக். (ஹேங்கரில் தொங்கும் துணிக்கு 2 அடி ஆழம் வேண்டும். ஒன்றரை அடியில் போட்டால் தோள்பட்டை வெளியே நீட்டிக் கொண்டிருக்கும்.) வலப்பக்கம் மடித்து வைக்கும் துணிகளுக்கு ஒன்றரை அடி ஆழத்தில் 20 அடி நீள ஷெல்ஃப். நடுவில் மூன்றரைக்கு ஆறடியில் இரண்டு டேபிள், அவற்றுக்கு நடுவே 4 அடி குறுக்கு வழி. வாசலின் வலப்பக்கம் கல்லா, அதன் பின்னால் ஆள் உட்காரும் இடத்தையும் சேர்த்து 5-க்கு 5. பின்சுவரில் 4-க்கு 4-இல் இரண்டு ட்ரையல் ரூம், பிறகு பின்கதவுக்கு 3 அடி வழி, மிச்சம் 5 அடி அகலத்தில் ஸ்டாக் அறை.

வாஸ்து பார்ப்பவர்கள் கல்லாவை வேறு மூலையில் வைக்கச் சொல்லலாம். வீட்டுப் பெரியவர்களோடு சண்டை வேண்டாம். கல்லாவை அங்கேயே நிலையாக வைத்து விட்டு மற்றவற்றை அதைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள். மவுஸ்தானே!

இடுப்பு இடிக்காத அகலம்

அண்டர்ஹில் சொல்லும் ஒரு சம்பவம் துணிக்கடைக்காரர்கள் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டியது. நியூயார்க்கில் ப்ளூமிங்டேல்ஸ் என்ற பெரிய கடையில் வாசலுக்கு அருகே, ஆட்கள் போய் வரும் முக்கிய வழியில் டை தொங்கும் ஸ்டாண்ட் ஒன்று இருந்தது. அங்கே நின்று பார்ப்பவர்களைப் பின்னால் போகிறவர்கள் லேசாக இடித்தார்கள். ஓரிரு முறை இடி வாங்கியதும் டையை அப்படியே விட்டு விட்டு நகர்ந்து விட்டார்கள். பெண்களிடம் இது அதிகம் தெரிந்தது. ஸ்டாண்டை அந்த வழியிலிருந்து தள்ளி வைத்ததும் விற்பனை உயர்ந்தது. சரக்கும் மாறவில்லை, விலையும் மாறவில்லை!

நம் கடைகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். பின்னால் யாரோ உரசிக் கொண்டு போகிற இடத்தில் எந்தப் பெண் குனிந்து கீழ்த்தட்டுத் துணியைப் பார்ப்பார்?

இதைக் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கலாம். பேஸிக் ஷேப்ஸில் வட்டத்தை எடுத்து 1.2-க்கு 1.2 சென்டிமீட்டர் அளவு கொடுங்கள். இது 2 அடி வட்டம், கையில் பையோடு நிற்கும் ஓர் ஆள். காப்பி செய்து பேஸ்ட் செய்து பத்து ஆட்களை உருவாக்குங்கள். அவர்களை ரேக் முன்னால் நிறுத்துங்கள். தீபாவளிக்கு அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் ஒன்றாக வருவார்களே, அந்த ஐந்து வட்டங்களையும் சுடிதார் ரேக் முன்னால் வைத்து விட்டு ஆறாவது வட்டம் தாண்டிப் போக முடிகிறதா என்று பாருங்கள். என் பிளானில் டேபிளின் இருபக்கமும் நாலரை அடி வழி. ரேக்கை ஒட்டி ஒருவர் நின்றால் 2 அடி போய் விடும், மிச்சம் இரண்டரை அடியில் இன்னொருவர் உரசாமல் போய் விடலாம். இருபக்கமும் ஆள் நின்றால் நெருக்கடிதான். அப்போது குறுக்கு வழி கை கொடுக்கும்.

இன்னொரு வட்டம் 3 சென்டிமீட்டரில், அதாவது 5 அடியில் செய்து கொள்ளுங்கள். அமெரிக்காவின் அணுகல் விதிகளில் சக்கர நாற்காலி முழுவதும் திரும்ப இவ்வளவு இடம் விடச் சொல்லியிருக்கிறார்கள். வழி மட்டும் என்றால் 3 அடி. என் பிளானில் அந்தப் பெரிய வட்டம் குறுக்கு வழியின் சந்திப்பிலும் ட்ரையல் ரூமுக்கு முன்னாலும் உட்காருகிறது. தாத்தாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வரும் குடும்பம் அவருக்கு மட்டும் வேட்டி வாங்கிக் கொண்டு போவதில்லை!

மூன்றில் இரண்டு பங்கு காலியா?

இப்போது இரண்டாவது ஷீட்டுக்குப் போங்கள். முதல் காலத்தில் பொருளின் பெயர், இரண்டாவதில் நீளம், மூன்றாவதில் அகலம். நாலாவது காலத்தில் ஈக்வல்டு குறி போட்டு, நீளம் உள்ள செல்லைக் க்ளிக் செய்து, ஸ்டார் குறியைத் தட்டி, அகலம் உள்ள செல்லைக் க்ளிக் செய்து என்டர் கொடுங்கள். சதுர அடி வந்து விடும். அந்த செல்லின் வலது கீழ் மூலையிலுள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிகளுக்கும் கணக்குப் போடும். ஹேங்கர் ரேக் 42, ஷெல்ஃப் 30, டேபிள்கள் 42, கல்லா 25, ட்ரையல் ரூம்கள் 32, ஸ்டாக் அறை 20. கடைசியில் கூட்டல் பட்டனைத் தட்டினால் 191.

576-இல் 191 போனால் 385 சதுர அடி. கடையில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் தரை! சதுர அடிக்கு 40 ரூபாய் வாடகை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொண்டால், மாதம் 23,040 ரூபாயில் 15,400 ரூபாய் நடக்கிற இடத்துக்கு. இதைக் கேட்டதும் வீட்டில் யாராவது நிச்சயம் சொல்வார்கள்: “நடுவுல இன்னொரு வரிசை போடலாமே?”

போட்டுப் பார்ப்போம். கீழே ஷீட்டின் பெயர் உள்ள இடத்தில் ரைட் க்ளிக் செய்து மூவ் ஆர் காப்பி மூலம் பிளானை ஒரு பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். பழையது அப்படியே இருக்கட்டும். பிரதியில் இரண்டு டேபிள்களையும் நீக்கி விட்டு, 2 அடி அகலம், 16 அடி நீளத்தில் இரண்டு வரிசை ஸ்டாண்ட் போடுங்கள். டேபிள் இருந்தபோது 42 சதுர அடி, இப்போது 64. கூடுதலாகக் கிடைத்தது 22 சதுர அடி, கடையில் நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை. அதற்கு என்ன விலை கொடுத்தோம்? இரண்டு வழிகள் மூன்றாகி, ஒவ்வொன்றும் நாலரை அடியிலிருந்து சராசரியாக 2 அடி 10 அங்குலமாகச் சுருங்கி விட்டது. குறுக்கு வழியும் காணோம். உங்கள் பத்து வட்டங்களையும் இந்தப் பிளானில் நிறுத்திப் பாருங்கள். இதை வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மானிட்டரில் காட்டினால் ஆசாரிகூட ஒத்துக் கொள்வார்.

சரக்கு கூடுதலாக வேண்டும் என்றால் சுவரில் உயரத்தைப் பயன்படுத்துங்கள். நடுவில் மட்டும் டேபிள் 3 அடி உயரத்தைத் தாண்ட வேண்டாம். அப்போதுதான் கல்லாவில் இருப்பவருக்கு ட்ரையல் ரூம் வாசல் வரை தெரியும். வாசலில் நிற்பவருக்கும் பின்சுவர் தெரியும். அந்தப் பின்சுவரில் நல்ல வெளிச்சம் போட்டு, புதிதாக வந்த சரக்கை மாட்டுங்கள். ஆளை உள்ளே இழுக்க அம்புக்குறியைவிட அது நன்றாக வேலை செய்யும்.

பேனாவால் ஐந்து பேரை நடத்துங்கள்

பிளானை ஐந்து பிரதி பிரின்ட் எடுங்கள். கட்டங்களும் அச்சாக, ஃபார்மேட் மெனுவில் பேஜ் ஸ்டைல், அதில் ஷீட் என்ற டேபில் கிரிட் என்பதை டிக் செய்ய வேண்டும். நம் பிளான் அகலம் 9.6, நீளம் 21.6 சென்டிமீட்டர்தான். ஒரு ஏ4 தாளில் அடங்கி விடும்.

இனி கம்ப்யூட்டரை விட்டு விட்டுப் பேனா. ஒவ்வொரு தாளிலும் ஒருவர் நடக்கிற கோட்டை வரையுங்கள். நைட்டி மட்டும் வாங்க அவசரமாக வந்தவர். பண்டிகைக்கு வந்த குடும்பம். சும்மா பார்க்க வந்த காலேஜ் பெண்கள் மூவர். லுங்கி வாங்க வந்த பெரியவர். நேற்று எடுத்த சட்டை அளவு சேராமல் மாற்ற வந்தவர். கடைசி ஆளைப் பலரும் மறந்து விடுகிறார்கள். அவர் கல்லா முன்னால் நின்று விவாதிக்கும்போது உள்ளே வருகிறவர்களின் வழியை அடைத்து விடுவார். என் பிளானில் கல்லா போக வாசல் பக்கம் 11 அடி இருப்பதால் பாதகமில்லை.

தாள்களை அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எந்தக் கோடும் போகாத மூலை ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது திரும்பி வரும் வழியில், ஸ்டாக் அறைக்கு முன்னால். தேடி வாங்குகிற பொருளை அங்கே கொண்டு போங்கள். உள்ளாடைகளுக்கு அதுதான் சரியான இடம். வாசலிலிருந்து பார்வை படாது, வாங்குபவருக்கும் கூச்சம் இருக்காது. லுங்கி, வேட்டியை மட்டும் அவ்வளவு தூரம் தள்ளாதீர்கள். கால் வலிக்கிற பெரியவரைக் கடை முழுக்க நடக்க வைத்து என்ன சம்பாதிக்கப் போகிறோம்?

ட்ரையல் ரூம் பற்றி ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அதைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். பில் கட்ட நிற்கும் ஆண்களின் வரிசையைத் தாண்டி உள்ளே போகப் பெண்கள் தயங்கினார்கள். அது கடைசியில் அட்டைப் பெட்டி வைக்கும் அறையானது. பின்பக்கம், சுடிதார் ரேக் முடிகிற இடத்தில் இருந்தால் கையில் எடுத்த துணியோடு நேரே போய் விடலாம். வெளியே ஆளுயரக் கண்ணாடி ஒன்று, பக்கத்தில் கூட வந்தவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. கணவர் உட்கார்ந்து விட்டால் மனைவி நிதானமாகப் பார்ப்பார்!

கடையில் வேலை செய்பவர்களுக்கும் இடம் வரையுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஒன்றரை அடி ஸ்டூலுக்குப் பிளானில் இடம் விடவில்லை என்றால், அது நடைவழியில் வந்து நிற்கும். பிறகு ஒரு பண்டிகைக் கூட்டத்தில் அதை எடுத்து விடுவார்கள், அந்தப் பெண் பன்னிரண்டு மணி நேரம் நிற்பார்.

பின்கதவுக்கு விட்ட 3 அடியை ஸ்டாக் வைக்கத் தொடாதீர்கள். அந்த வழியைச் சிவப்பு நிறத்தில் வரையுங்கள். துணி எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதைச் சென்னை தி.நகர் பார்த்திருக்கிறது. 2017 மே 31 அதிகாலையில் உஸ்மான் சாலையில் பல மாடித் துணிக்கடை ஒன்று பற்றி எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் போராடினார்கள். கட்டடத்தைப் பிறகு இடிக்க வேண்டியதாயிற்று. அது கடை திறக்காத நேரம். திறந்திருக்கும் நேரத்தில், ஷட்டர் பக்கம் புகை வந்தால் உங்கள் கடையிலுள்ள இருபது பேர் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று ஆறாவது தாளில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். மற்ற ஐந்து கோடுகளுக்காகவும் எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஆறாவது கோட்டை எதுவும் மறிக்கக் கூடாது.

சாக்பீஸும் அட்டைப் பெட்டியும்

இவ்வளவுக்குப் பிறகும் ஆசாரியிடம் உடனே தாளைக் கொடுத்து விடாதீர்கள். காலிக் கடையில் சாக்பீஸால் முழு அளவில் பிளானைத் தரையில் வரையுங்கள். டேபிள் வரும் இடத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்குங்கள். வீட்டுப் பெண்களை, முக்கியமாக மூட்டு வலி உள்ள அத்தையையோ பாட்டியையோ, ஒரு பையைக் கையில் கொடுத்து நடக்கச் சொல்லுங்கள். “இங்க கொஞ்சம் இடிக்குதே” என்று அவர்கள் சொன்ன இடத்தில் பெட்டியை நகர்த்தி, மாறிய அளவை வீட்டுக்கு வந்து ஷீட்டில் திருத்துங்கள். திருத்தும் ஒவ்வொரு முறையும் ஃபைலைக் கடை1, கடை2, கடை3 என்று வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். சாஃப்ட்வேர் வேலையில் எங்களுக்கு முதல் வாரமே கற்றுக் கொடுக்கிற பழக்கம் இது.

ஆசாரிக்குக் கொடுக்கும் தாளில் ஒவ்வொரு ரேக்கின் அளவையும் அடி, அங்குலத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஸ்கேல் வைத்து அவர் அளந்து கொள்வார் என்று விட வேண்டாம். சில பிரின்டர் செட்டிங்கில் தாளுக்கு ஏற்ப படம் சற்றுச் சுருங்கி விடும். சுவரை ஒட்டிய ரேக்கை நிலையாக அடிக்கலாம். நடு டேபிள்கள் இரண்டுக்கும் சக்கரம் வைக்கச் சொல்லுங்கள்.

கடை திறந்த பிறகு மூன்றாவது ஷீட்டில் நாலு காலங்கள் போடுங்கள்: நேரம், உள்ளே வந்தவர்கள், இரண்டாவது டேபிளைத் தாண்டியவர்கள், பில் போட்டவர்கள். முழு நாளும் எண்ண வேண்டாம். தினமும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை ஒரு வாரம் போதும். தாண்டியவர்களை வந்தவர்களால் வகுத்தால், எத்தனை பங்கு பேர் கடையின் பின்பாதியைப் பார்க்கிறார்கள் என்று தெரியும். அந்த எண் குறைவாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பின்சுவர் விளக்கையோ, முதல் டேபிளையோ, ஏதாவது ஒன்றை. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாமல் போய் விடும். அடுத்த வாரமும் அதே ஒரு மணி நேரம் எண்ணுங்கள். ஆடித் தள்ளுபடி வாரத்தையும் சாதாரண வாரத்தையும் மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள்.